பூஞ்சைக்கு முன் வந்த தண்ணீர்

தீயில் எரிந்த வீட்டுக்கு அறிக்கை எழுதுவதைவிடப் பூஞ்சை பிடித்த சுவருக்கு அறிக்கை எழுதுவது கடினம். எரிந்தது கண்ணெதிரே கிடக்கும். எப்போது எரிந்தது என்பதற்குத் தீயணைப்புத் துறையின் குறிப்பு இருக்கும். பூஞ்சை வந்த நாளை யாரும் பார்ப்பதில்லை. கண்ணில் பட்ட நாளைத்தான் சொல்வார்கள். அந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை வைத்துத்தான் க்ளெய்ம் நிற்கும் அல்லது விழும்.

நான் சென்னையில் காப்பீட்டு இழப்புகளை மதிப்பிடும் சர்வேயர். உரிமம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தருவது, கட்டணம் இன்ஷூரன்ஸ் கம்பெனி தருவது. ஆனால் அறிக்கை எந்தப் பக்கமும் சாயக் கூடாது. வீட்டுக்காரர் என்னைக் கம்பெனி ஆள் என்று பார்க்கிறார். கம்பெனிக்கு நான் வெளியாள். இப்படி நடுவில் நின்றுகொண்டுதான் ஒரு சுவரைப் படிக்க வேண்டியிருக்கிறது.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வீடுகளுக்கு வழங்கியாக வேண்டிய பாலிசி ‘பாரத் கிருஹ ரக்ஷா’. தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்தோ நிரம்பியோ பெருகுவது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் பூஞ்சை கிடையாது. வேறு சில பாலிசிகளின் விலக்குப் பகுதியில் தேய்மானம், பூச்சி அரிப்பு ஆகியவற்றோடு பூஞ்சையின் பெயரே இருக்கும். இதைப் பார்த்துவிட்டு, வெள்ளத்தில் கெட்டுப்போன அலமாரியைக்கூடக் கோராமல் விட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள். “பூசணத்துக்குக் கிடையாதாமே சார்” என்பார்கள். அப்படிச் சட்டென்று முடிவுகட்டத் தேவையில்லை. மெல்ல மெல்லத் தானாக வந்த பூஞ்சையைத்தான் அந்த விலக்குகள் பெரும்பாலும் தள்ளுகின்றன. ஆகவே நான் பூஞ்சையை மதிப்பிடுவதில்லை, தண்ணீரை மதிப்பிடுகிறேன். அந்தச் சுவருக்கு ஈரம் எங்கிருந்து வந்தது, ஒரே நாளில் வந்ததா, வருஷக்கணக்கில் வந்ததா?

இந்தத் தொழிலுக்குப் படிக்கிறவர்கள் எல்லோரும் இக்காரியா என்ற கப்பலைச் சந்தித்திருப்பார்கள். 1915 ஜனவரியில், முதல் உலகப் போரின்போது, பிரான்சின் லே ஹாவ்ர் துறைமுகத்துக்குச் சற்றுத் தொலைவில் ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பீடோ அதைத் தாக்கியது. கப்பல் உடனே மூழ்கவில்லை. துறைமுகத்துக்குக் கொண்டுவந்து கட்டினார்கள். புயல் காற்றில் அது துறைமேடையில் மோதத் தொடங்கியதும், அங்கேயே மூழ்கி வழியை அடைத்துவிடும் என்று பயந்து வெளிப்பக்கம் நகர்த்தச் சொன்னார்கள். அங்கே ஒவ்வொரு வற்றத்திலும் தரை தட்டி, ஒவ்வொரு ஏற்றத்திலும் மிதந்து, கடைசியில் மூழ்கிப்போனது. பாலிசி கடல் ஆபத்துகளுக்கு உண்டு, போருக்கு இல்லை. காற்றும் தரைதட்டலும்தான் காரணம் என்றார்கள் உரிமையாளர்கள். 1918-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. டார்பீடோ பட்டதிலிருந்து கப்பல் ஒருபோதும் ஆபத்தைக் கடக்கவேயில்லை, ஆகவே டார்பீடோதான் காரணம் என்றது. காலத்தால் கடைசியாக வந்ததைவிட விளைவை உண்டாக்கியதே முக்கியம் என்ற அந்த நியாயம் அன்று கப்பல் உரிமையாளருக்கு எதிராகப் போனது. பூஞ்சை விஷயத்தில் அதே நியாயம் வீட்டுக்காரருக்குத் துணை நிற்கிறது. வெள்ளம் புகுந்த வீடு காய்வதற்குள் பூஞ்சை வந்தால், அந்தப் பூஞ்சை வெள்ளத்தின் கணக்கில்தான் சேரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீட்டுக்குப் போனேன். தண்ணீர் வடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கூடம், படுக்கையறை, சமையலறை எல்லாவற்றிலும் முழங்கால் உயரத்தில் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு. வெள்ளம் மட்டம் பிடித்து நிற்கும். தரையிலிருந்து ஏறும் ஓதம் அப்படி நேர்கோடு போடாது. கோட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் ஈரத்தை உறிஞ்சியிருந்தது. கரும்பச்சைப் புள்ளிகள் அந்தப் பட்டைக்குள்தான் இருந்தன. ப்ளைவுட் வார்ட்ரோபைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொன்னேன். முதுகுப் பலகை முழுக்கக் கறுப்பு. கீழ்க் கீல்களில் துரு ஆரஞ்சுப் பொடியாக இருந்தது. விரலால் துடைத்தால் அடியில் இரும்பு பளபளத்தது. புதுத் துரு. அந்த வீட்டுக்கு வெள்ளத்துக்கு முன்னால் இந்த அளவு ஈரம் தெரியாது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தேவையில்லை.

அந்த வீட்டு அம்மா கீழ்த்தட்டைத் திறந்து காட்டினார். பட்டுப் புடவைகள், மடித்தது மடித்தபடி, மடிப்புக்கு மடிப்பு சாம்பல் பூத்து ஒட்டிக்கொண்டிருந்தன. “ஏம்மா, இதையாவது எடுத்து உலர்த்தியிருக்கலாமே?” என்று கேட்டேன். “சர்வேயர் வந்து பாக்கற வரைக்கும் எதையும் தொடக்கூடாது, தொட்டா க்ளெய்ம் போயிடும்னு போன்ல சொன்னாங்க தம்பி” என்றார்.

இந்த வேலையில் எனக்கு ஆறாத கோபம் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். ஈரமான பொருளைப் பூஞ்சை பிடிக்க 24 முதல் 48 மணி நேரம் போதும். வித்துகள் எந்த வீட்டுக் காற்றிலும் எப்போதும் உண்டு. ப்ளைவுட், அட்டை, துணி எல்லாம் அதற்கு உணவு. டிசம்பர் மாதச் சென்னையில் காற்றே ஈரம். தொடாதே என்று சொல்வது பூஞ்சையை வளர்க்கச் சொல்வதுதான். இழப்பு பெருகாமல் நியாயமான முயற்சி எடுக்க வேண்டியது பாலிசிதாரரின் கடமை. அந்தக் கடமையைச் செய்யவிடாமல் போனில் தடுத்துவிட்டு, பிறகு “ஏன் உலர்த்தவில்லை” என்று அதே கடமையைக் காட்டி அவர் தொகையைக் குறைப்பது அநீதி. புடவைகளையும் வெள்ள இழப்பிலேயே சேர்த்து, யார் என்ன சொன்னதால் அவை ஈரத்திலேயே கிடந்தன என்பதையும் அறிக்கையில் எழுதினேன்.

தாமதம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. டெக்சாஸில் டிரிப்பிங் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் குழாய்க் கசிவில் தொடங்கிய பூஞ்சை ஒரு பெரிய வீட்டையே குடியிருக்க முடியாததாக்கியது. காப்பீட்டுக் கம்பெனி க்ளெய்மைத் தாமதித்துக் கையாண்ட விதம்தான் வீட்டுக்காரர் தொடுத்த வழக்கின் மையம். 2001-ல் ஜூரி விதித்த தொகை 3 கோடியே 20 லட்சம் டாலர். மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது 40 லட்சமாகக் குறைந்தது. அதன்பின் அங்கே கம்பெனிகள் பூஞ்சைக்கு உச்சவரம்பு போடவும் விலக்கவும் தொடங்கின.

எல்லாப் பூஞ்சைக்கும் நான் பரிந்து எழுதுவதில்லை. அடுக்ககங்களில் மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக் கூரைக்கு இறங்கும் கசிவு இன்னொரு வகை. கூரையில் பழுப்பு வட்டம் ஒன்றுதான் என்றால், தண்ணீர் ஒரு முறை வந்து காய்ந்திருக்கிறது. வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொன்று என்றால் பலமுறை நனைந்து பலமுறை காய்ந்த இடம். அப்படிப்பட்ட வீட்டில் கீல் துரு செதில் செதிலாக உதிரும். பெயின்ட் தடிப்பின் ஓரத்தைச் சுரண்டினால் அடியில் பழைய புட்டியும் அதற்கடியில் பழைய கறையும் தெரியும்: ஏற்கெனவே பூசி மறைத்திருக்கிறார்கள். நீர்த்தடுப்புப் போய்விட்ட தளம் பராமரிப்பு சார்ந்த விஷயம், காப்பீடு அதற்கு இல்லை. அதை மறுத்து எழுத எனக்குத் தயக்கம் கிடையாது. ஆனால் சுவருக்குள் குழாய் திடீரென்று பிளந்திருந்தால் கதை வேறு. அதனால்தான் பிளம்பர் மாற்றிய குழாய்த் துண்டைக் கேட்கிறேன். அநேகமாக அது குப்பைக்குப் போயிருக்கும். அந்தத் துண்டில் பிளவு புதிதா, அரித்து வந்த ஓட்டையா என்று பார்த்தால் பாதி வாக்குவாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நம் ஊர்ச் சுவர்களில் இன்னொரு குழப்பம் உப்பு. செங்கல்லிலும் நிலத்தடி நீரிலும் இருக்கும் உப்பு ஈரத்தோடு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். வீட்டுக்காரர் அதைப் பூசணம் என்பார். சில சமயம் கம்பெனி அனுப்பும் புதுப் பையனும் அப்படியே எழுதிவிடுவான். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் உப்பு கரையும், பூஞ்சை கரையாது. ஈரமானியை நம்பலாமே என்பார்கள். முள் குத்தும் ஈரமானி மின்கடத்தலைத்தான் அளக்கிறது. உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் காய்ந்த உவர்ச் சுவரிலும் அது ஈரம் என்று காட்டிவிடும். ஆகையால் அதே வீட்டில் நனையாத சுவர் ஒன்றில் முதலில் வைத்துப் பார்த்துவிட்டு ஒப்பிடுவதுதான் முறை. எண்ணை மட்டும் எழுதிவிட்டு வருவது அளவீடு ஆகாது.

எதைக் காப்பாற்றலாம் என்பதிலும் பொருளுக்குப் பொருள் வித்தியாசம் உண்டு. தேக்குக் கட்டிலைத் துடைத்து நிழலில் காயவைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஊதிவிட்டால் அவ்வளவுதான். பஞ்சு மெத்தையைக் காப்பாற்ற முயல்வது உடம்புக்கு நல்லதல்ல.

2024-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை, தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்கவும் 15 நாளுக்குள் அறிக்கை தரவும் சொல்கிறது. நல்ல விதி. ஆனாலும் ஊரே மூழ்கியிருக்கும்போது நியமனம் வேறு, ஆள் வந்து சேர்வது வேறு. பூஞ்சை எங்கள் வருகைக்காகக் காத்திருக்காது.

ஆகவே உங்கள் வீட்டில் தண்ணீர் புகுந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். தண்ணீர் நிற்கும்போதே கோடு தெரிய, அறை அறையாகப் படம் எடுங்கள். வாட்ஸ்ஆப்பில் போகும் படம் எடுத்த நேரக் குறிப்பை இழந்துவிடும். மூலப்படத்தைப் போனிலேயே வைத்திருங்கள். அன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். சுவரில் என்ன முளைத்தது என்பதைவிட, எந்தத் தேதியில் எங்கிருந்து தண்ணீர் வந்தது என்று எழுதுங்கள். பிறகு ஜன்னலைத் திறந்து, அலமாரியை நகர்த்தி, துணியை வெளியே எடுத்து உலர்த்துங்கள். தூக்கியெறிய வேண்டியதில் ஒரு துண்டை வெட்டி, தேதி எழுதி வையுங்கள். தொடாதே என்று யாராவது சொன்னால், அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். க்ளெய்மை மறுத்து, உங்கள் புகாருக்கும் கம்பெனி சரியான பதில் தராவிட்டால், ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்த அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.