ரோடு ஏறுது... வீடு இறங்குது!

'நான் பிரையண்ட் நகரில் குடியிருக்கிறேன்' என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால், "அட, கொடைக்கானல்ல பூவெல்லாம் வெச்சிருப்பாங்களே, அந்த இடமா? குளிருமே!" என்கிறார்கள். குளிரா? எங்கள் ஊரில் மார்கழி ராத்திரியில் ஃபேனை நிறுத்தினால், உடம்புக்கு என்ன என்று பக்கத்து வீட்டிலிருந்து விசாரிக்க வந்துவிடுவார்கள். அது பிரையண்ட் பூங்கா. இது தூத்துக்குடி பிரையண்ட் நகர். அங்கே ஏரியில் படகு விடுவார்கள். இங்கேயும் படகு பற்றிய பேச்சு உண்டு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் விலாசம். எங்கள் தெருக்களுக்குத் தலைவர் பெயர், சாமி பெயர், பூப் பெயர் எதுவும் கிடையாது. எல்லாம் நம்பர்தான். நம்பர் என்றால் சுலபம்தானே என்று நினைக்காதீர்கள். ஏழாவது தெரு என்றால் ஏழாவது தெரு கிழக்கு, ஏழாவது தெரு மத்தி, ஏழாவது தெரு மேற்கு என்று அதற்குள் மூன்று. பழைய பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறி "பிரையண்ட் நகர்" என்று சொன்ன உடனே டிரைவர் திரும்பி, "எத்தனாவது?" என்பார். "ஏழு" என்றால் "கிழக்கா, மேற்கா, மத்தியா?" என்பார். மத்தி என்றதும் உங்களுக்கு மீன் ஞாபகம் வந்தால், நீங்கள் எங்கள் ஊரோடு ஒத்துப்போய்விடுவீர்கள்.

குடியிருப்பவர்கள் எல்லா வகையும் உண்டு. துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்கள், அனல் மின் நிலையக்காரர்கள், கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் குமாஸ்தாக்கள், உப்பு வியாபாரிகள், வாத்தியார்கள், பாங்க்காரர்கள். நடுவில் என்னைப் போல பி.காம். படித்துவிட்டு நாலு கடைக்குக் கணக்கு எழுதி, மிச்ச நேரத்தில் பத்திரிகைக்கு எழுதுகிற ஆசாமிகள். 1974-ல் புதுத் துறைமுகம் பெரிய துறைமுகமான பிறகு ஊர் கடலோரத்தை விட்டு உள்பக்கமாகப் பரவியது. சாயந்திரம் கடல் காற்று எங்கள் மொட்டை மாடி வரைக்கும் வந்து விசாரித்துவிட்டுத்தான் போகும். காசு கொடுக்காமல் கிடைக்கிற சௌகரியங்களில் அது முதலாவது. காசு கொடுத்துக் கிடைப்பதில் முதலாவது, ராத்திரிக் கடையின் பரோட்டா சால்னா. மக்ரூனை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதை உறவுக்காரர்களுக்கு வாங்கிக்கொண்டு போவோமே தவிர, நாங்கள் சாப்பிடுவது குறைவு.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். எங்களுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு, மாமியார் மருமகள் உறவு மாதிரி. வேண்டும் என்றபோது வராது. வந்தால் போகாது. நிலத்தடி நீர் உப்பு. குடிக்கிற தண்ணீர் வல்லநாட்டிலிருந்து குழாய் வழியாக வருகிற தாமிரபரணி. மழை வருஷத்துக்குச் சராசரியாக 65 சென்டிமீட்டர் வாக்கில்தான். அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். அந்த மழையையும் ஊரில் பாதிப் பேர் வரவேற்பதில்லை. உப்பளக்காரர்கள் வானத்தைப் பார்த்தால் முகம் சுருங்கும். அம்பாரமாகக் குவித்த உப்பைக் கீற்றுப் போட்டு மூடுகிற கவலை அவர்களுக்கு.

பெய்கிற கொஞ்ச மழையும் எங்கே போகும்? ஊர் தாம்பாளம் மாதிரி தட்டையான பூமி. பக்கிள் ஓடை என்று வெள்ளைக்காரன் காலத்து ஓடை ஒன்று ஊருக்குள்ளே ஓடி, திரேஸ்புரம் பக்கம் கடலில் சேர்கிறது. அதுவரைக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தால் சரி. எங்கள் தெருத் தண்ணீர் ஓடைக்கு வழி கேட்டுக்கொண்டே நாலு நாள் முச்சந்தியில் நிற்கும். மோட்டார் வைத்து இறைப்பார்கள். இந்தத் தெருவில் இறைத்தது அடுத்த தெருவில் போய் விழுகிறது என்று அங்கே இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

பி.காம்.-ல் தேய்மானம் என்று ஒரு பாடம். கட்டடம், மேஜை, நாற்காலி எல்லாவற்றுக்கும் வருஷா வருஷம் மதிப்புக் குறையும். நிலத்துக்கு மட்டும் தேய்மானம் கிடையாது என்று படித்தேன். பாடப் புத்தகம் எழுதியவர் எங்கள் தெருவைப் பார்த்ததில்லை. இங்கே ரோடு ஏறிக்கொண்டே போகிறது. பழைய தார் மேலே புதுத் தார், அதன் மேலே இன்னொரு தடவை. எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், துறைமுகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, வீடு கட்டுன புதுசுல ரோட்டுல இருந்து மூணு படி ஏறி உள்ள போவேன். இப்ப ரெண்டு படி இறங்கிப் போறேன். வீடு அங்கனயேதான் இருக்கு. ரோடுதான் வளந்துட்டு" என்பார்.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே உயரத்தில்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டார். நல்ல உத்தரவு. அண்ணாச்சி வீட்டுக்கு முப்பது வருஷம் லேட்டாக வந்த உத்தரவு.

ரோடு உயர்ந்தால் புது வீடு கட்டுகிறவர் என்ன செய்வார்? ரோட்டுக்கு மேலே நாலடி சரள் அடித்து அஸ்திவாரம் போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அண்ணாச்சிக்குப் பக்கத்து மனையில் அப்படித்தான் பழைய வீட்டை இடித்துவிட்டு ஒரு மாடி வீடு எழும்பியது. அங்கே விழுகிற மழையெல்லாம் இவர் முற்றத்துக்கு வந்தது. காம்பவுண்டுச் சுவரின் மடையை யார் அடைப்பது என்று ஆரம்பித்த பேச்சு, இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை என்று முடிந்தது. பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அண்ணாச்சிக்குக் கூரியரில் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! நடுவில் இருப்பது ஒன்பது அங்குலச் சுவர்.

2021 நவம்பர் கடைசியில் பெய்த மழையில் அண்ணாச்சி வீட்டில் கட்டில் கால் வரை தண்ணீர். ஃபிரிட்ஜுக்கு அடியில் செங்கல் அடுக்கினார்கள். துபாயில் இருக்கிற மகன், வித்துட்டு இங்கே வாங்க என்றான். புரோக்கர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி நிக்குமா?" ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கித் தருகிறோம் என்று ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து அளந்து பார்த்துத் தொகை சொன்னார்கள். "இந்த வீட்டைக் கட்டுனதுக்கே எனக்கு அவ்வளவு ஆகலவே!" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

பிறகு 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றும் மறுநாளும் எங்கள் மாவட்டத்தில் பெய்தது மழை இல்லை, என்னவென்று சொல்வது... காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! ஒன்றரை வருஷ மழையை வானம் ஒரே தவணையில் கட்டிவிட்டது. கோரம்பள்ளம் குளம் உடைந்து அந்தத் தண்ணீரும் ஊர்ப்பக்கம் வந்தது. கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை, பால் இல்லை. மாவட்டத்தில் பல இடங்களில் மீனவர்கள் படகோடு வந்து ஜனங்களை மீட்டார்கள். (ஆரம்பத்தில் சொன்ன படகு இதுதான்.) ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றுபோனது.

அந்த ராத்திரி எங்கள் தெருவில் முதலில் கேட்ட குரல், பக்கத்து வீட்டு அம்மாவுடையது. மாடியிலிருந்து டார்ச் அடித்து, "அண்ணாச்சி! மதினியக் கூட்டிட்டு மேல வாங்க. பத்திரத்தையும் மாத்திரையையும் மட்டும் எடுத்துக்கோங்க, மத்தது கெடக்கட்டும்!"

போனார்கள். ஐந்து நாள் அங்கேதான் சாப்பாடு. நாலடி உயர்த்திக் கட்டியதால்தான் அண்ணாச்சி வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. நாலடி உயர்த்திக் கட்டியதால்தான் அவருக்கு ஏறி உட்கார ஓர் இடமும் இருந்தது. இதை எந்தப் பக்கம் வரவு வைப்பது, எந்தப் பக்கம் பற்று எழுதுவது? எனக்குத் தெரிந்த கணக்கில் அதற்குப் பத்தி கிடையாது.

இப்போது இரண்டு வீட்டாரும் பேசிக்கொள்கிறார்கள். மடை விவகாரம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. 2017-ல் தூத்துக்குடி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்த பிறகு மழைநீர் வடிகால் வேலைகள் நடந்திருக்கின்றன. மேகம் கறுத்தால் அண்ணாச்சி கைத்தடியோடு போய் வடிகால் மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார். டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பார் இல்லையா, அந்த மாதிரி. வெள்ளம் வடிந்த பிறகு பெயின்ட் அடிக்க வந்த பையனிடம், கேட் தூணில் தண்ணீர் நின்ற கோட்டை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"வீடு வாங்க வாரவங்களுக்கு நானே காட்டணும்லா? மறைச்சு விக்கதுக்கு மனசு வரல தம்பி."

அதனால் இன்னும் விற்கவில்லை. எங்கள் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கிற உத்தேசம் இருந்தால், தயவுசெய்து ஆடி மாசம் வராதீர்கள். அப்போது எல்லா வீடும் அழகாக இருக்கும். ஐப்பசியில், ஒரு நல்ல மழைக்கு மறுநாள் வாருங்கள். வீட்டுக்காரர் மாடுலர் கிச்சனைக் காட்டுவார். நீங்கள் வாசல்படியை எண்ணுங்கள், ஏறுகிறதா, இறங்குகிறதா என்று.