இரும்பு ஆடும் ஒரு வளரியும்

எங்க வீட்டுல சனிக்கிழமை சாயங்காலம் மூணு மணி நேரம் யாரும் டிவி போட முடியாது. சாப்பாட்டு மேசை நாலு வாண்டுங்க கையில. பேப்பர், பென்சில், இருபது முகம் வச்ச பகடை, நடுவுல தங்கமணி சுட்டு வைக்கிற வாழைக்காய் பஜ்ஜி. விளையாட்டோட பேரு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். தெரியாதவங்களுக்கு: ஒருத்தர் கதை சொல்வார். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா இருந்து "நான் இதைச் செய்றேன்"னு சொல்லணும். நடந்துச்சா இல்லையான்னு பகடை சொல்லும். கதை சொல்றது அடியேன். வாரம் பூரா கழக்கூட்டத்துல பொட்டி தட்டிட்டு, சனிக்கிழமை பூதம் ஓட்டறேன்.

மேசைக்கு நான் போட்ட விதி ஒண்ணுதான்: தமிழ்ல பேசணும். 2017 சட்டத்துக்கு அப்புறம் இங்க பள்ளிக்கூடங்கள்ல மலையாளம் கட்டாயப் பாடம். நல்லதுதான், இருக்கிற ஊர் மொழி தெரியணும். ஆனா எங்க ஃப்ளாட்டுல இருக்கிற தமிழ்ப் பசங்க லிஃப்ட்ல பார்த்துக்கிட்டாக்கூட தங்களுக்குள்ள பேசறது மலையாளமும் இங்கிலீஷும்தான். இந்த மூணு மணி நேரம் மட்டும் "டேய் பின்னாடி பாருடா, பேய் வருது"ன்னு தொண்டை கிழியத் தமிழ்ல கத்துவாங்க. பக்கத்து வீட்டு சேச்சி முதல் வாரம் பதறிப்போய் வந்து கதவைத் தட்டினாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். என் பையன் எடுத்தது ஆர்ட்டிஃபிசர். மந்திரமும் தெரிஞ்ச, பட்டறையும் வச்சிருக்கிற கண்டுபிடிப்பாளன். கிழக்கே கோட்டையில பத்மதீர்த்தக் குளத்தங்கரையில மேத்தன் மணி பார்த்திருப்பீங்க. மணி அடிக்கிறப்போ தாடிக்காரன் வாயைத் திறப்பான், ரெண்டு பக்கமும் ஆடுங்க வந்து கன்னத்துல முட்டும். அதைப் பார்த்துட்டு வந்த பய, "அப்பா, எனக்கு அந்த ஆடு வேணும்"னான். ஆர்ட்டிஃபிசர்ல பேட்டில் ஸ்மித்னு ஒரு கிளை உண்டு. மூணாவது லெவல்ல அதுக்கு இரும்புல ஒரு காவல் மிருகம் கிடைக்கும், உருவம் நம்ம இஷ்டம். ஆக, இரும்பு ஆடு வந்து சேர்ந்துச்சு.

இந்தக் கண்டுபிடிப்பாளனை எடை போடறதுல விளையாட்டை உருவாக்கினவங்களே ரொம்ப நாள் திண்டாடியிருக்காங்க. 2002-ல புது உலகம் ஒண்ணு வேணும்னு ஒரு போட்டி வச்சாங்க. 11,000-க்கும் மேல வந்ததுல கீத் பேக்கரோட எபெரான் ஜெயிச்சது. 2004-ல அந்தப் புத்தகத்தோட ஆர்ட்டிஃபிசர் வந்தான். மந்திரப் பொருள் செய்யறதுதான் அவன் பிழைப்பு. அப்போ விதி என்னன்னா, ஆயிரம் தங்கக் காசு விலைக்கு ஒரு நாள் வேலை. கதை சொல்றவர் ரெண்டு மாசம் ஓய்வு குடுத்தா ஆளு கடையே வச்சிடுவான், அவனை யாரும் தொட முடியாது. ஓய்வே குடுக்கலேன்னா சும்மா உக்காந்திருப்பான். மேனேஜர் லீவு குடுக்கிறதைப் பொறுத்து ஒருத்தனோட திறமை! நம்ம பொழப்பு மாதிரியே இல்ல?

2019-ல திருத்தி, 2020-ல இன்னொரு புத்தகத்துலயும் போட்டாங்க. 2025-ல மறுபடியும் ஒரு திருத்தம். நாங்க ஆடறது 2020 புத்தகம். அதுல நாள் கணக்கைத் தூக்கிட்டு எண்ணிக்கைக்கு வரம்பு வச்சாங்க. மூணாவது லெவல்ல ஒரே சமயத்துல ரெண்டு பொருளுக்குத்தான் மந்திரம் ஏத்தலாம். மூணாவதுக்கு ஏத்தினா முதல்ல ஏத்தினது சாதாரண இரும்பாயிடும். கணக்கு நல்ல கணக்கு. லீவு தொல்லை ஒழிஞ்சுது.

ஆனா எங்க மேசையில வேற கோளாறு. ஆட்டுக்கு 20 உயிர்ப் புள்ளி. மந்திரவாதியா ஆடற மூணாவது மாடிப் பொண்ணுக்கு 17. "ஆட்டுக்கு என்னைவிட ஜாஸ்தியா அங்கிள்?"னு அவ கேட்டப்போ சிரிப்பு வந்துச்சு. அதைவிடப் பெரிய பிரச்சினை நேரம். இவன் முறை வந்தா இவன் அடிப்பான், ஆட்டை நகர்த்துவான், ஆட்டை அடிக்கச் சொல்வான். அடுத்தவன் முறையிலயும் "ஆடு தடுக்குது"ன்னு குறுக்க வருவான். பேச்சுல பாதி இவனோடதுதான். நாலு பேர்ல ரொம்பக் கூச்சப்படற சிவகங்கைப் பையன் (திருடன் பாத்திரம்) ஒரு சண்டை முழுக்க ரெண்டு தடவை வாயைத் திறந்தான்.

அடுத்த புதன்கிழமை அவங்கம்மா தங்கமணிகிட்ட, "இனிமே சனிக்கிழமை ஃபுட்பால் போறேங்கிறான்"னு சொன்னாங்க. ஃபுட்பால் நல்ல விஷயம்தான். ஆனா ஒருத்தன் போனா அடுத்தவன் போவான். மேசை காலி, மூணு மணி நேரத் தமிழும் காலி.

ஆட்டோட உயிரைக் குறைக்கலாமான்னு யோசிச்சேன். குறைச்சா ஆடு சீக்கிரம் சாகும். இவன் அதை ரிப்பேர் பண்றேன்னு இன்னும் நேரம் எடுப்பான். அதனால எண்ணைத் தொடல. "ஆட்டுக்கான பகடையை பக்கத்துல உக்காந்திருக்கிறவன் உருட்டணும்"னு மட்டும் ஒரு விதி போட்டேன். பக்கத்து நாற்காலி யாருதுன்னு சொல்ல வேண்டியதில்ல. தங்கமணி போய்ப் பேசி, இன்னும் ஒரு வாரம் மட்டும்னு அவனை வரவச்சாங்க.

மிச்சத்தை மூணாவது மாடிப் பொண்ணு பார்த்துக்கிட்டா. ஆட்டத்துக்கு நடுவுல, "நீ கண்டுபிடிப்பாளன்னு சொல்லிக்கறே, எங்களுக்கு என்ன செஞ்சு குடுத்தே?"ன்னு ஒரு போடு. ரெண்டு பொருளும் அதுவரைக்கும் இவன் உடம்புலதான் இருந்துச்சு, கவசமும் கத்தியுமா. பய முழிச்சான். அப்புறம் புத்தகத்தைப் புரட்டி, எறிஞ்சா கைக்கே திரும்பி வர்ற ஆயுதம்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சான். சிவகங்கைப் பையன் மெதுவா, "எங்க ஊர்ல வளரின்னு ஒண்ணு உண்டு"ன்னான். போட்டாங்க மந்திரத்தை, கத்திக்குண்டான கணக்கு, பேரு வளரி.

இங்கதான் விளையாட்டோட கணக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சுது. எதிரி பக்கத்துல நம்ம கூட்டாளி ஒருத்தர் நின்னா, திருடனோட அடிக்கு ரெண்டு பகடை கூடுதல். ஆடும் கூட்டாளிதான். ஆடு போய் பூதத்துக்கிட்ட நிக்கும். இவன் இருபது அடி தள்ளி நின்னு வளரி வீசுவான். பட்டா சராசரி 13.5 புள்ளி. ஆடு முட்டினா 6.5 தான். முதல் வீச்சுலயே பூதம் சாய்ஞ்சுது. "ஆட்டை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் நிறுத்துடா!"ன்னு அவன் போட்ட சத்தத்துல சேச்சி மறுபடியும் வந்துட்டாங்க.

ஃபுட்பால் இப்போ ஞாயித்துக்கிழமை. என் பையனும் கூடப் போறான்.

இன்னும் ரெண்டு வாரத்துல எல்லாரும் அஞ்சாவது லெவல். மூணாவது மாடிப் பொண்ணுக்கு ஃபயர்பால் வரும். சராசரி 28 புள்ளி, இருபது அடி ஆரத்துல நண்பன் எதிரி பார்க்காம எல்லாத்தையும் எரிக்கும். ஆட்டோட உயிர் அப்போ 30-ஐ ஒட்டி. "அங்கிள், ஆடும் எரியுமா?"ன்னு அவ போன வாரம் ரொம்ப அப்பாவியாக் கேட்டா. எரியும்னேன். அன்னிலேர்ந்து பஜ்ஜித் தட்டை என் பையன் முதல்ல அவகிட்டதான் நீட்டறான்.