திறப்பு

எங்கள் ஊர் இணையத்தளத்துக்கு ஒரேயொரு திறப்புத்தான் இருந்தது. அது டோஹாவில் வேலை செய்த என் பெரியம்மாவின் மகனிடம் இருந்தது. திறப்பு என்று நான் சொல்வது கடவுச்சொல்லை. யாஹூவின் ஜியோசிற்றீஸ் இலவசமாகக் கொடுத்த இடத்தில் 2003ஆம் ஆண்டு நானா அந்தத் தளத்தைக் கட்டினார். முகப்பில் பள்ளிவாசலின் பழைய கறுப்பு வெள்ளைப் படம். அதன் கீழே 'எமது ஊர்', 'பிரமுகர்கள்', 'மரண அறிவித்தல்கள்', 'தொடர்புகளுக்கு' என்று நான்கு பிரிவுகள். யாராவது மௌத்தானால் புத்தளத்திலிருந்து டோஹாவுக்குக் கோல் போகும். நானா வேலை முடிந்து அறைக்கு வந்து அறிவித்தலைத் தட்டச்சு செய்து ஏற்றுவார். சில வேளை கத்தமும் ஓதி முடிந்த பிறகுதான் ஜனாஸா அறிவித்தல் வரும்.

தளம் தொடங்கிய காலத்தில் ஊரில் நாங்கள் யாரும் இருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது 70,000க்கு மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வந்தோம். எங்களுடையது முல்லைத்தீவு மாவட்டத்தில் முள்ளியவளைப் பக்கத்துச் சிறிய ஊர். எனக்கு அப்போது 11 வயது. வவுனியா வந்து, அங்கிருந்து புத்தளம் போய், ஆலங்குடாவில் ஒரு கிடுகுக் கொட்டிலில் வாழ்க்கை மறுபடி தொடங்கியது. ஊர்ச் சனம் கற்பிட்டி, பாலாவி, தில்லையடி, நீர்கொழும்பு என்று சிதறிப்போயிற்று. பிறகு பொடியன்மார் வளைகுடாவுக்குப் போனார்கள். பழைய அயலவர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடிக்க மிஞ்சியிருந்தது நானாவின் அந்த நான்கு பிரிவுகள்தான்.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்துவிட்டு நான் முகாம் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. 'எமது ஊர்' பகுதியை ஒருநாள் ஆறுதலாக இருந்து வாசித்தேன். விதானைமார், பள்ளிவாசல் நம்பிக்கையாளர்கள், அதிபர்கள், முதலில் ஹஜ்ஜுக்குப் போனவர்கள், முதல் லொறி வாங்கியவர் என்று 32 பெயர்கள். ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. பள்ளிவாசலுக்குப் பின்னால் குளக்கட்டுவரை போகும் எங்கள் தெருவும் இல்லை. கூலி வேலைக்குப் போனவர்களின் தெரு அது. இதில் நானாவைக் குறை சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்ததை அவர் எழுதினார், அவ்வளவுதான்.

2008ஆம் ஆண்டு நோன்புக்கு அவர் விடுமுறையில் வந்திருந்தார். நோன்பு திறந்து தராவீஹும் முடிந்து திண்ணையில் இருந்தபோது கதையை எடுத்தேன். தளத்தை மாற்றுவோம், எல்லோரும் உறுப்பினராகச் சேர்ந்து தாங்களே எழுதக்கூடிய கருத்துக்களமாக ஆக்குவோம் என்றேன். 1999 முதல் இயங்கிவந்த யாழ் இணையத்தை உதாரணம் காட்டினேன். அங்கே களம்தான் உயிர்.

நானா சிரித்தார். "எல்லாரும் எழுதினா அது ஊரா இருக்காது தம்பி. சந்தையாத்தான் இருக்கும்."

"சந்தைக்குத்தானே நானா எல்லாரும் வாறாங்க" என்றேன்.

அன்று அந்தப் பதில் எனக்கு நல்ல கெட்டித்தனமாகப் பட்டது.

மாற்றும் வேலை மூன்று மாதம் எடுத்தது. பழைய பக்கங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்தக் காலத்து ஈழத்துத் தளங்கள் பெரும்பாலும் அப்படித்தான். பாமினியில் 'அம்மா' என்று எழுதினால் கண்ணுக்கு அம்மாதான். கணனிக்குள்ளே கிடப்பதோ எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்ற ஆங்கில விசைகள். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் அதுதான் தெரியும். கூகிளில் ஊரின் பெயரைப் போட்டுத் தேடினால் எங்கள் தளம் அகப்படாது. எல்லாவற்றையும் யுனிகோட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. சுரதாவின் 'பொங்குதமிழ்' மாற்றியில் ஒவ்வொரு பக்கமாக ஒட்டி மாற்றினேன். இடையில் வந்த மின்னஞ்சல் முகவரிகள் வாயில் நுழையாத தமிழாக மாறிப்போயின. சில பக்கங்களில் கிரந்த எழுத்துகளும் இடம் மாறிக் கிடந்தன. எங்கள் பெயர்களில் கிரந்தம் இல்லாத பெயர் எத்தனை இருக்கிறது? ஹனீபாவும் ஜமால்தீனும் ஸுபைதாவும் உருக்குலைந்து நின்றார்கள். மரண அறிவித்தல்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினேன். மௌத்தானவர்களின் பெயரைப் பிழையாகப் போட மனம் வரவில்லை.

பிஎச்பிபிபி என்ற இலவச மென்பொருளின் மூன்றாம் பதிப்பு அதற்கு முந்திய டிசம்பரில் வெளியாகியிருந்தது. அது யுனிகோட்டில் இயங்கியதால் அதையே எடுத்தோம். நானா வருட வாடகைக்கு ஒரு சேர்வர் பிடித்தார். நல்ல காலம். 2009 ஒக்டோபரில் யாஹூ ஜியோசிற்றீஸை முற்றாக மூடிவிட்டது. மாற்றாமல் விட்டிருந்தால் பள்ளிவாசல் படமும் அதோடு போயிருக்கும். இப்போது திறப்புகள் இரண்டு. ஒன்று நானாவிடம், மற்றது என்னிடம்.

முதலில் வந்தவர்கள் பொடியன்மார். கிரிக்கெட், கட்டாரில் வேலை, பெருநாள் வாழ்த்து. நான் ஒரு தலைப்பைத் திறந்து வைத்தேன்: 'உங்கட வீட்டுக் கிணறு எங்க இருந்தது?' ஒரு வாரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு நீர்கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை தன் உம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். அவர்கள் கிணற்றுக்கட்டில் ஒரு பக்கம் உடைந்திருந்ததாம். அந்த உடைவில்தான் குடத்தை வைப்பார்களாம். அதன்பின் மளமளவென்று வரத் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பிள்ளைகளைப் பிடித்து இருத்தி எழுதுவித்தார்கள். எந்த வேலியில் பூவரசு, எந்த வேலியில் கிளுவை, யார் வீட்டு மாடு யார் வயலில் இறங்கியது. 'எமது ஊர்' பக்கத்தில் இல்லாத ஊர் அங்கே எழும்பிக்கொண்டிருந்தது. பெண்கள் பெயர் போட்டு எழுதுவதால் அந்தப் பகுதியை உறுப்பினர் மட்டும் பார்க்கும்படி அடைத்து வைத்தோம். அப்போது அது சரியான முடிவாகவே பட்டது.

என் உம்மாவும் சொன்னா. ராத்தாவின் மகள் எழுதினாள். பள்ளிவாசல் பின்கதவிலிருந்து குளக்கட்டுவரை இரண்டு பக்கமுமாக 43 வீடுகள். வீட்டுக்காரர் பெயர், பிள்ளைகள் எத்தனை, எந்த எல்லையில் என்ன மரம், எந்தக் காணிக்கு உறுதி, எதற்குப் பெர்மிட், எது சும்மா இருந்த காணி. மூன்று இரவுகள் சொன்னா. இடையில் ஒரு வீட்டை விட்டுவிட்டதாக நினைவு வந்து, விடியப்புறம் பிள்ளையை எழுப்பி எழுதச் சொன்னா.

அந்த 43 வீட்டில் பத்தொன்பதாவதில்தான் பிரச்சினை வந்தது. பள்ளிவாசலை ஒட்டிய அந்தத் துண்டு வக்புக் காணி என்று ஒருவர் எழுதினார். எங்கள் வாப்பாவின் காணி என்று மற்றவர் எழுதினார். பிறகு யார் யாருடைய வாப்பா எங்கே களவெடுத்தார் என்று போனது. புனைபெயரில் புதிதாக மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒரு பெண்ணின் பெயரை இழுத்து ஒருவன் எழுதினான். 2009 டிசம்பர். யுத்தம் முடிந்து ஏழு மாதம். ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்ற பேச்சு வந்துகொண்டிருந்ததால் காணி என்ற சொல்லுக்கே சூடு ஏறியிருந்தது. இரு பகுதியும் முகாமில் ஒரே தெருவில் இருந்தவர்கள். இஷாவுக்குப் பிறகு பொடியன்மார் பொல்லோடு நிற்கிறார்கள் என்று செய்தி வந்தது. நான் கணனியைத் திறந்து அந்தத் தலைப்பை முழுவதுமாக அழித்தேன்.

பூட்டியிருக்கலாம். யாரும் பதில் எழுத முடியாதபடி பூட்டும் வசதி அதில் இருந்தது. நிர்வாகிகள் மட்டும் பார்க்கும் அறைக்கு நகர்த்தியிருக்கலாம். அழிப்பதற்கு முன்னர் நிச்சயமா என்று ஒருமுறை கேட்கவும் செய்தது. ஆம் என்பதை அழுத்தினேன். அழித்ததை மறைத்து வைத்து மீட்கும் வசதி அந்த மென்பொருளுக்கு 2014இல்தான் வந்தது. நூலகம் இணையத்தளம் இயங்கும் மீடியாவிக்கியில் ஒவ்வொரு திருத்தத்தின் வரலாறும் கூடவே கிடக்கும். அழித்த பக்கத்தையும் நிர்வாகி மீட்டெடுக்கலாம். நாங்கள் பேசுவதற்கு இடம் வேண்டுமென்று களத்தை எடுத்தோமே தவிர, பேசியதை வைத்திருப்பதைப் பற்றி யோசிக்கவில்லை. பிரதி எடுத்து வைக்கும் பொறுப்பும் என்னுடையதுதான். கடைசியாக எடுத்த பிரதி உம்மா சொல்லத் தொடங்குவதற்கு முந்தியது.

சண்டை அன்றிரவே அடங்கியது. இரண்டு பகுதியும் வந்து எனக்கு நன்றி சொன்னார்கள். நானா டோஹாவிலிருந்து எடுத்து, "சந்தையெண்டு சொன்னேனே" என்றார். உம்மாவின் 43 வீடுகளும் அதற்குள்தான் இருந்தன என்பது அடுத்த நாள் பாடசாலைக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது. பஸ்ஸில் நின்றபடி உடம்பு வேர்த்தது.

உம்மா சுகமில்லாமல் கிடந்தபோது ஒருநாள் கேட்டா: "மகன், நான் சொன்னதெல்லாம் அதில இருக்குத்தானே?"

"இருக்கும்மா" என்றேன். 2011இல் அவ மௌத்தானா.

நாங்கள் திரும்பி வந்தபோது தெரு காடாகிக் கிடந்தது. வேலி இல்லை, பூவரசு இல்லை. சில கிணறுகளை மண் மூடியிருந்தது. பலரிடம் உறுதியும் இல்லை, பெர்மிட்டும் இல்லை. 2016இல் பாராளுமன்றம் ஒரு விசேட சட்டம் கொண்டுவந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தில் பயங்கரவாத நடவடிக்கைகளால் காணியை விட்டுப் போகவேண்டி வந்தவர்களுக்கு எதிராக, பத்து வருடம் ஆண்டோம் என்ற வாதம் அந்தக் காலத்துக்கு எடுபடாது என்பதே அதன் சாரம். அதற்கும் முதலில் காணி உன்னுடையது என்று காட்ட வேண்டுமே. "மாஸ்டர், உங்கட உம்மா ஒரு லிஸ்ட் சொல்லி எழுதினாவே, அது கிடைக்குமா?" என்று கேட்டு வந்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. அந்தப் பட்டியலைக் காட்டினால் காணி அலுவலகத்தில் ஏற்றிருப்பார்களா என்பது வேறு விடயம். கேட்டு வந்தவர்களின் முகத்தை நான் பார்க்க வேண்டியிருந்தது.

இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் எங்கள் தளத்தைத் தேடிப் பார்த்தேன். முகப்பு இருக்கிறது. மரண அறிவித்தல்கள் இருக்கின்றன. நான் கையால் திருத்திய பெயர்கள் அப்படியே இருக்கின்றன. நாங்கள் அடைத்து வைத்த பகுதிக்குள் அது போகவில்லை, போகவும் முடியாது. களமும் நெடுநாள் நிற்கவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக முகநூலுக்குப் போனார்கள், பிறகு வட்ஸ்அப். ஒரு வருடம் வாடகை கட்ட யாரும் முன்வரவில்லை, நானாவும் வற்புறுத்தவில்லை. இப்போது ஊருக்கு ஐந்து வட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. நேற்று யார் என்ன சொன்னார் என்பதை இன்று தேடிப்பிடிக்க முடியாது. திறப்பு இல்லாதவர் யாருமில்லை என்பது மட்டும் உண்மை.

மூன்று வருடமாக ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வருகிறேன். வீட்டுக்கு ஒரு பக்கம். எழுதியதைப் போனில் படம் எடுத்து ராத்தாவின் மகளுக்கும் நானாவுக்கும் அனுப்பிவிடுகிறேன். 29 வீடுகள் முடிந்திருக்கின்றன. பத்தொன்பதாம் பக்கத்தில் இரண்டு குடும்பமும் சொன்னதை அவரவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அதை எழுத இரண்டு தரப்பிலும் இரண்டு தேத்தண்ணி குடித்தேன், பொல்லு எதுவும் வரவில்லை. உம்மா விடியப்புறம் எழும்பிச் சொன்ன வீடு எது என்று ராத்தாவின் மகளுக்கு நினைவில்லை. குளக்கட்டுப் பக்கம் என்று மட்டும் சொல்கிறாள். அந்தப் பக்கம் கடைசியாக இருந்தவர் இன்னும் ஆலங்குடாவில்தான் இருக்கிறா. காது மந்தம், போனில் கதைக்க முடியாது. வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பஸ் எடுக்க வேண்டும்.