பழைய வண்டியும் புதிய கடனும்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டிய அன்பர்கள், நான் தமிழாசிரியன் ஆதலால் சங்க இலக்கியத்தைப் பற்றியோ பக்தி இலக்கியத்தைப் பற்றியோ எழுதித் தருவேன் என எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயின் சென்ற சில மாதங்களாக என் உள்ளத்தை ஆட்கொண்டிருந்த பொருள் அகமும் அன்று, புறமும் அன்று. அஃது ஒரு மோட்டார் வண்டி. கடன் தீர்ந்துபோன பழைய காரையே தொடர்ந்து ஓட்டுவதா, அன்றேல் ஐந்தாண்டுத் தவணைக்குப் புதியதொன்றை எடுப்பதா என்பதே எனக்கு முன் நின்ற வினா. இம்மலரைக் கையில் எடுக்கும் பழைய மாணவரிற் பலர் இதே தராசைப் பிடித்துப் பார்த்திருப்பர். இன்று வகுப்பறையில் இருக்கும் மாணவரும் முதற் சம்பளம் கைக்கு வந்த சில மாதங்களுள் பிடிக்கவே போகின்றனர். ஆதலால் நான் நிறுத்துப் பார்த்த வகையை இங்கே கூறுதல் பயனில்லாததாகாது.

முதலில் என் வண்டியை அறிமுகஞ் செய்தல் வேண்டும். அது மொறிஸ் ஒக்ஸ்போட், மூன்றாம் வரிசை. 1957ஆம் ஆண்டுத் தயாரிப்பு. என் பெரியப்பா வாங்கி ஓட்டியது. அவருக்குப் பின் அவர் மக்கள் கனடாவிற் குடியேறவே, 2011இல் ஆசிரியர்களின் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்திற் கடன் பெற்று அதனை நான் வாங்கினேன். 2015இல் அக்கடன் முற்றாகத் தீர்ந்தது. அன்று முதல் அவ்வண்டி எவருக்கும் எதுவும் கொடுக்கவேண்டாத வண்டியாக என் முற்றத்து வேப்ப மரத்தின் கீழ் நிற்கின்றது.

யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் என்னும் பெயர்களை அறியாதார் இலர். பிற இடங்களில் நூதனசாலைக்குப் போய்விட்ட இவ்வண்டிகள் நம் ஊரில் மட்டும் இத்துணைக் காலம் ஓடியதற்குக் காரணம் பற்று மட்டுமன்று, இடுக்கணும் ஆகும். 1990இன் பின் வடக்கிற்குப் பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் வருதல் தடுக்கப்பட்டபோது, புதிய வண்டிகள் பல படுத்துவிட்டன. பழைய வண்டிகளோ மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் இயந்திரத்தில் அமுக்க விகிதம் குறைவாதலின் தரங் குறைந்த எரிபொருளையும் அவை ஏற்றன. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. ஆகையால் காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகை கண்ணைக் கரிக்கும். இயந்திர எண்ணெய் விரைவிற் கெடும். ஆயினும் சக்கரம் சுழலும். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, இவ்வண்டியினுள் என் அப்பாச்சியும் சிறு பிள்ளைகளும் மூட்டைகளும் இருந்தனர். வளர்ந்தவர்களாகிய நாம் பக்கத்தில் நடந்தோம். நாவற்குழிப் பாலத்தை அணுகும்போது வண்டியிலும் எம் கால்களே விரைந்து சென்றன.

இத்தகைய நினைவுகள் உள்ள ஒருவன் பழைய வண்டியின் பக்கமே பேசுவான் என்று வாசகர் எண்ணலாம். அதனாலேதான் நினைவுகளை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கை எடுக்கத் துணிந்தேன். நன்றியுணர்வு நல்லதே, ஆயினும் அது தடுப்பைப் பிடித்து வண்டியை நிறுத்தமாட்டாது.

புதிய வண்டி வேண்டும் என்னும் எண்ணம் வீண் ஆசையிற் பிறந்ததன்று. என் தாயார் எண்பதை நெருங்குகின்றார். மாதந்தோறும் அவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். சென்ற மாரியில் ஒரு நாள் விடியற்காலையில் வண்டி எழும்பவில்லை. அயல்வீட்டாரின் முச்சக்கர வண்டியில், படங்குக்குள்ளும் மழை தெறிக்க, அவர் சென்றார். அன்று மாலை என் மனைவியார் அதிகம் பேசவில்லை. “இந்தக் காருக்கு நீங்கள் குடுக்கிற மரியாதையில மாமிக்கும் கொஞ்சம் குடுக்கலாம்” என்று ஒரு வசனமே கூறினார். அவ்வசனத்துக்கு விடை கூறும் பொருட்டே நான் தாளும் பேனாவும் எடுத்தேன்.

நாம் பார்த்த கார் ஏழெட்டு ஆண்டு ஓடிய சிறிய கார். ஆயினும் எமக்கு அது புதியதே. விலை 40 இலட்சம் ரூபா. பழைய வண்டியை விற்றால் வரக்கூடிய 8 இலட்சத்துடன் வைப்பில் உள்ள 12 இலட்சத்தைச் சேர்த்து 20 இலட்சத்தை முற்பணமாகக் கட்டலாம். எஞ்சிய 20 இலட்சம் லீசிங். ஆண்டு வட்டி நூற்றுக்கு 15 எனவும், தவணை 60 மாதம் எனவும் கொண்டால், மாதக் கட்டணம் ஏறக்குறைய 47,580 ரூபா. அறுபது மாதத்தில் கட்டுந் தொகை 28,54,800 ரூபா. அதாவது, வட்டி மட்டும் 8,54,800 ரூபா.

இங்கே மாணவர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முதல் மாதத்திற் கட்டும் 47,580 ரூபாவில் 25,000 ரூபா வட்டிக்கே போகும். முதலிற் கழிவது 22,580 ரூபா மாத்திரமே. ஓராண்டு முழுவதும் 5,70,960 ரூபா கட்டிய பின்னரும் முதலிற் குறைவது ஏறக்குறைய 2,90,000 ரூபாவே. ஆகவே, இரண்டாண்டு கட்டிவிட்டு இயலாமற் போனவன் தான் கட்டியதெல்லாம் காராக நிற்கின்றது என்று கருதுவானாயின், அவன் கருத்து உண்மைக்குப் புறம்பானது.

எனினும் தவணைப் பணம் முழுவதையும் செலவென்று எழுதுதலும் நேர்மையன்று. அதிற் பெரும் பகுதி ஒரு பொருளாக நம்மிடமே தங்குகின்றது. உண்மையான செலவு வட்டியும், வைப்பை எடுப்பதால் இழக்கும் வட்டியும், காரின் விலை இறங்குமாயின் அவ்விறக்கமும் ஆகும். கடன் வட்டியை 60 மாதத்துக்குப் பகிர்ந்தால் மாதம் ஏறக்குறைய 14,250 ரூபா. 12 இலட்சம் வைப்புக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 8 வீத வட்டி எனில், இழப்பு மாதம் 8,000 ரூபா. கூட்டினால் 22,250 ரூபா. லீசிங் வண்டிக்கு முழுமைக் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும். கடனற்ற பழைய வண்டிக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி போதும். அவ்வேறுபாடும் மேலதிகம்.

மறு தட்டில் பழைய வண்டி. அது லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடும். பார்த்த கார் 15 ஓடும். மாதம் 600 கிலோமீற்றர் ஓடும் எனக்கு ஏறக்குறைய 27 லீற்றர் வேறுபாடு. லீற்றர் 300 ரூபா என வைத்தால் அது 8,000 ரூபா. எந்தக் காருக்கும் உரிய எண்ணெய் மாற்றுதல், ரயர் முதலியன நீங்கலாகத் திருத்த வேலைக்கு மட்டும் கடந்த மூன்றாண்டுக் கணக்கின்படி மாதம் 10,000 ரூபா. ஆக 18,000 ரூபா.

22,250க்கும் 18,000க்கும் இடையிலுள்ள தூரம் நான் எதிர்பார்த்த அளவினதன்று. “புதிய கார் எடுப்பவன் மூடன்” என்று பேசுவோரும், “பழைய கார் ஓட்டுபவன் கராசுக்கே சம்பளத்தைக் கொடுக்கின்றான்” என்று பேசுவோரும் தாளில் எழுதிப் பாராதவரே என அப்போது உணர்ந்தேன். கணக்கு ஒரு பக்கம் சற்றே சாய்ந்ததன்றித் தீர்ப்புக் கூறவில்லை.

தீர்ப்பைத் தந்தது வேறொன்று. பழைய வண்டியின் செலவு ஒத்திவைக்கத் தக்கது; தவணையோ ஒத்திவைக்கத் தகாதது. இம்மாதம் கையில் இல்லையெனில், கிளச்சுத் தட்டை அடுத்த மாதம் மாற்றுவேன். அதுவரை துவிச்சக்கர வண்டியிற் கல்லூரிக்கு வருவேன். தவணை அப்படிப் பொறுக்காது. லீசிங் முடியும் வரை பதிவேட்டில் முழு உரிமையாளர் என எழுதப்படுவது நிதி நிறுவனமே. தவணை தவறினால் வண்டியை மீளக் கைப்பற்றும் உரிமையும் அதற்கே. 47,580 ரூபா என்பது என் கைக்கு வரும் சம்பளத்திற் பாதிக்கு மேற்பட்டது. வைப்பிலுள்ள 12 இலட்சமோ என் மகளின் மேற்படிப்புக்கென்று சேர்த்தது. அவள் அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதுகின்றாள். பெறுபேறு எவ்வாறு அமையும், எந்த ஊரில் விடுதி வாடகை கட்டவேண்டி வரும் என்று இன்று கூற இயலாது. கூற இயலாத செலவு முன்னே நிற்கும்போது, கூட்டவும் குறைக்கவும் இயலாத செலவொன்றைத் தலையில் ஏற்றுதல் தகுமா?

திருக்குறளில் வலியறிதல் என்னும் நாற்பத்தெட்டாம் அதிகாரத்தைப் படிப்பிக்கும்போது, மாணவர் அதனை அரசர்க்குரிய போர் நூலாகவே கேட்பர். அவ்வதிகாரத்தில் வள்ளுவர் ஒரு பாரவண்டியைக் காட்டுகின்றார்; மயிலிறகே எனினும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்பது கருத்து. தவணையும் அத்தகையதே. தனியே பார்த்தால் எந்தத் தவணையும் இறகு போன்றதே. கார்த் தவணை, குளிர்சாதனப் பெட்டித் தவணை, கைத்தொலைபேசித் தவணை என்று ஒவ்வொன்றாக ஏற்றுவோர், அச்சின் வலிமையை எண்ணுவதில்லை.

நாட்டின் அண்மைக் காலமும் இதையே கற்பித்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய கார்களின் விலை ஏறியது. “கார் வாங்குவது பொன் வாங்குவது போன்றது” என்னும் பேச்சும் எழுந்தது. 2022 ஏப்பிரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அவ்வாண்டு யூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. யூலையில் வந்த கியூஆர் பங்கீட்டில் காருக்கு வாரம் 20 லீற்றரே முதலிற் கிடைத்தது. அக்காலத்தில் ஓடாமல் நின்ற காருக்கும் தவணை ஓடியது. பின்னர் 2025 பெப்ரவரியில் தனியார் கார்களின் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. கார் விலை என்றும் ஏறும் என்பது இயற்கை விதியன்று. கதவு மூடியிருந்த காலத்து நிலையே அது.

இனி, பழைய வண்டியின் குறைகளை மறைத்தல் ஆகாது. அதிற் காற்றுப்பையில்லை. மோதலின் விசையைத் தான் வாங்கி நசுங்கி, உள்ளிருப்பவரைக் காக்கும் வகையில் அதன் உடல் அமைக்கப்படவுமில்லை. “பழைய இரும்பு, உறுதியானது” என்பர். இரும்பு நசுங்காவிடில் விசை முழுவதும் உள்ளிருப்பவர் உடலுக்கே வந்து சேரும். எனவே என் மனைவியாருடன் கலந்து சில முடிவுகள் செய்தோம். தடுப்புத் தொகுதி முழுவதும் புதிதாக்கப்பட்டது. முன்னும் பின்னும் ஆசனப் பட்டிகள் பூட்டப்பட்டன. ஏ-9 வீதியில் இவ்வண்டியைக் கொண்டு செல்வதில்லை; கொழும்புக்குப் போவதாயின், 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வரை வந்த புகையிரதம் உண்டு. அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் சேவை உண்டு. அம்மாவின் மாதாந்த வைத்தியசாலைப் பயணத்துக்கு மட்டும் மூடிய வாடகைக் கார் ஒன்றை ஒழுங்கு செய்துள்ளோம். அதன் கூலி ஒரு தவணையிற் பத்தில் ஒரு பங்கும் ஆகாது.

உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேட்பார் உளர். இதே மொறிஸ் ஒக்ஸ்போட்டின் அமைப்பையே கொண்டு அம்பாசடர் என்னும் கார் இந்தியாவில் 2014 வரை செய்யப்பட்டது. அதன் பாகங்கள் பல இதற்குப் பொருந்தும். பொருந்தாதவற்றை எங்கள் ஊர்க் கராசிலுள்ள முதியவர் கடைச்சல் பட்டறையிற் செய்விப்பார். “மாஸ்ரர், இதுக்கு என்ன வருத்தம் எண்டு சத்தத்தில சொல்லுவன். உங்கட புதுக் காருக்கெண்டால் கொம்பியூட்டர் பூட்டித்தான் கேக்க வேணும்” என்பது அவர் கூற்று. அவருக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் தொழிலைப் பழக வருவார் குறைந்துவிட்டனர். இவ்வண்டியின் ஆயுள் இரும்பிலும் பார்க்க அவர் கைகளிலேயே தங்கியிருக்கின்றது என்பதையும் நான் கணக்கிற் சேர்த்துள்ளேன்.

ஆகையால் எம் முடிவு என்றைக்கும் உரியதன்று, மூன்றாண்டுக்கு உரியது. மாதம் 15,000 ரூபாவை, நிதி நிறுவனத்துக்குக் கட்டுவது போலவே தவறாது, எம் பெயரிலுள்ள தனிக் கணக்கில் இடுகின்றோம். மூன்றாண்டில் வட்டி நீங்கலாக 5,40,000 ரூபா சேரும். மகளின் படிப்புச் செலவு அதற்குள் உருவம் பெற்றுவிடும். திருத்தச் செலவு இன்றைய அளவின் இரு மடங்கை எட்டினாலோ, தடுப்புக்குரிய பாகங்கள் கிடையாமற் போனாலோ, மூன்றாண்டு வரை காத்திராமல் வண்டியை விற்றுவிடுவோம். அன்று கடன் பட நேர்ந்தாலும், அது சிறிய கடனாகவும் குறுகிய தவணையாகவும் இருக்கும். என் மனைவியார் இம்முடிவை ஏற்றார். ஆயினும் மூன்றாண்டு முடியும் தேதியைச் சமையலறைக் கலண்டரிற் சிவப்பு மையாற் குறித்தும் வைத்துள்ளார்.

மாணவர்களே! கடன் எல்லாம் தீதன்று. முச்சக்கர வண்டியைத் தவணைக்கு எடுத்து உழைத்துக் குடும்பத்தை உயர்த்தியவரை நான் அறிவேன். அவ்வண்டி தன் தவணையைத் தானே சம்பாதித்தது. வீட்டு முற்றத்தில் நிற்கும் கார் அவ்வாறு சம்பாதிப்பதில்லை. ஆகவே கையொப்பம் இடுமுன் மூன்றைக் கேளுங்கள்: மொத்தமாகக் கட்டுவது எவ்வளவு? கட்ட இயலாத மாதத்தில் என்ன நடக்கும்? அப்பணம் வேறு எவருடைய எதிர்காலத்திலிருந்து எடுக்கப்படுகின்றது? இம்மூன்றுக்கும் தெளிந்த விடை உங்களிடம் இருக்குமாயின், புதிய காரில் மகிழ்ந்து செல்லுங்கள். கல்லூரி வாயிலில் என் பழைய வண்டி உங்கள் வழியை மறித்து நின்றுவிட்டால், சற்றே இறங்கி வந்து தள்ளி உதவுவீர்கள் என்னும் நம்பிக்கையும் இந்த ஆசிரியனுக்கு உண்டு.