சேன் ஆந்த்ரேயில் ஒரு கரும்பங்காடு

பரமத்தி வேலூர்ப் பக்கம் ராஜவாய்க்கால் பாசனத்தில் கரும்பு பார்த்து வளர்ந்தவன் நான். நான் போய்ப் பார்த்த ரீயூனியன் தீவின் கரும்பங்காட்டில் எரிமலைக் கல் மண்டிக் கிடந்தது. சரிவு நிலம் என்பதால் பல காடுகளில் இயந்திரம் ஏறாது, கையால்தான் வெட்டு. ஜூலையில் தொடங்கும் வெட்டு டிசம்பர் வரை நடக்கும்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள இந்தத் தீவு 1946 முதல் பிரான்ஸின் கடல்கடந்த மாவட்டம். அதன் கிழக்குக் கரை ஊர் சேன் ஆந்த்ரே. அங்கே எங்களுக்குக் காட்டைச் சுற்றிக் காட்டிய பெரியவரின் முகம் எங்கள் பக்கத்துக் கபிலர்மலைச் சந்தையில் பார்க்கிற முகம். பேச்சோ கிரியோலும் பிரெஞ்சும். உடன் வந்த புதுச்சேரி நண்பர்தான் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தார்.

1848-இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1860, 1861 ஆண்டுகளில் பிரான்ஸும் பிரிட்டனும் செய்த ஒப்பந்தங்கள், பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் கூலியாட்களைத் திரட்ட வழிவிட்டன. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் நம் சனங்கள் கப்பலேறினார்கள். 1882-இல்தான் பிரிட்டிஷ் அரசு இந்த ஆள்திரட்டலை நிறுத்தியது. வந்து இறங்கியவர்களை முதலில் கிராந்த் ஷாலூப் என்ற இடத்தில் நோய்த்தடுப்புக் காவலில் வைத்தார்கள். அந்தக் கல் கட்டடங்கள் இன்றும் இருக்கின்றன. ஆளுக்கொரு எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதிய காலம் அது. அங்கே நிற்கையில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அவ்வளவுக்கும் பிறகு சாமியை அவர்கள் விடவில்லை. சர்க்கரை ஆலைகளையும் தோட்டங்களையும் ஒட்டியே அந்தக் காலத்துக் கோயில்கள் எழுந்தன. மாரியம்மன் இருக்கிறாள். திரௌபதியைப் பாண்டியாலே என்கிறார்கள். அவளுக்காக 18 நாள் விரதமிருந்து தீ மிதிக்கிறார்கள். பெரியவரும் மிதிப்பவர். விரத முறைகளை அவர் சொல்லச் சொல்ல, நண்பர் மொழிபெயர்க்கும் முன்பே எனக்குப் பாதி விளங்கியது.

தீவில் இன்று இயங்குபவை இரண்டே ஆலைகள். சேன் ஆந்த்ரேக் கரும்பு புவா ரூஜ் ஆலைக்குப் போகிறது. எடைமேடையில் ஒவ்வொருவர் கரும்பிலும் மாதிரி எடுத்து, அதிலுள்ள சர்க்கரைச் சத்துக்கு ஏற்பப் பணம் தருகிறார்கள். எங்கள் மோகனூர் ஆலையில் எப்படி என்று பெரியவர் கேட்டார். ஆலையின் சராசரி பிழிதிறனை வைத்துத்தான் விலை, டன்னுக்கு எல்லோருக்கும் ஒன்றே என்றேன்.

"அப்படியானால் நன்றாக விளைவிப்பவனுக்கு நஷ்டமில்லையா?"

"நஷ்டந்தாங்க ஐயா" என்றேன்.