படுத்திருப்பவரின் கூரை

நிற்பவருக்கு அறையின் முகம் சுவர், படுத்திருப்பவருக்குக் கூரை. எளிய உண்மைதான். எனினும் நம் வீடுகள் நிற்பவருக்காகவும் நடப்பவருக்காகவுமே கட்டப்படுகின்றன. பின்லாந்தின் தென்மேற்கிலுள்ள பைமியோ என்னும் ஊரில், காசநோயாளிகளுக்கென 1933இல் கட்டி முடிக்கப்பட்ட மருத்துவமனையில், கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ இவ்வழக்கத்தை மாற்றினார். படுத்திருக்கும் மனிதரை மனத்தில் இருத்தியே அவர் அறையை வரைந்தார். கூரைக்குக் கண்ணை உறுத்தாத அடர்நிறம். படுக்கையிலிருந்து பார்க்கையில் கண் கூசாத இடத்தில் விளக்கு. நீர் விழும் ஓசை அடுத்த கட்டிலில் உறங்குபவரை எழுப்பாதபடி சாய்வாகச் செய்த கைகழுவும் தொட்டி.

அது நுரையீரல் நோய்க்கான கட்டடம். ஆனால் மனச்சோர்வுற்ற ஒருவருடன் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு அவ்வறையின் பொருள் உடனே விளங்கும். அவரும் பகலெல்லாம் படுத்திருப்பவரே.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் அக்கா எங்களுடன் வசிக்க வந்தார். தீவிர மனச்சோர்வு என்று கண்டறிந்து மருத்துவர் மருந்து தொடங்கியிருந்தார். திருச்சியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் இரண்டு படுக்கையறைகள். மேற்கு அறையின் ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வெளிச்சமும் இல்லை, ஓசையும் இல்லை. அமைதியான அந்த அறையே நோயாளிக்கு ஏற்றது என்று உறவினர் அனைவரும் சொன்னார்கள். நாங்களோ கிழக்கு அறையிலிருந்த புத்தக அலமாரிகளைக் கூடத்துக்கு நகர்த்திவிட்டு, அதை அவருக்குக் கொடுத்தோம்.

காரணம் இருந்தது. கனடாவின் எட்மண்டன் நகர மருத்துவமனையொன்றில், வெயில் விழும் அறைகளில் இருந்த மனச்சோர்வு நோயாளிகள் சராசரியாக 16.9 நாட்களிலும், மங்கலான அறைகளில் இருந்தோர் 19.5 நாட்களிலும் வீடு திரும்பியதாக 1996இல் வெளியான ஆய்வு கூறியது. இத்தாலியின் மிலான் நகரில் 2001இல் வெளியான ஆய்வில், இருமுனைக் கோளாற்றின் சோர்வுநிலையில் சேர்க்கப்பட்டவர்களில் கிழக்கு நோக்கிய அறையில் இருந்தோர், மேற்கு அறையினரைவிட ஏறக்குறைய மூன்றரை நாட்கள் முன்னதாக வீடு திரும்பினர். காலை ஒளி உடலின் உள்கடிகாரத்தைச் சரிசெய்கிறது என்பது இன்று நன்கறியப்பட்ட செய்தி.

தமிழ் பயின்றவர்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. நம் பொருளிலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. உணர்வாகிய உரிப்பொருள் அவற்றின்மேல்தான் நிற்கிறது. மனச்சோர்வு முதலில் பறித்துக்கொள்வது பொழுதை. வைகறையும் நண்பகலும் எற்பாடும் ஒரே சாம்பல் நிறத்தில் கரைந்துவிடுகின்றன. கிழக்கு ஜன்னல் அக்காவுக்கு மகிழ்ச்சியைத் தரும் என்று நாங்கள் எண்ணவில்லை. பொழுதைத் திருப்பித் தரக்கூடும் என்று மட்டுமே எண்ணினோம். சித்திரை வெயிலில் பத்து மணிக்கே அறை கொதிக்கும் என்பதால் ஒரு மூங்கில் தட்டியும் கட்டினோம்.

அடுத்தது தொலைவு. மனச்சோர்வு துயரம் மட்டுமன்று. எதையும் தொடங்க இயலாமை. நமக்கு நான்கடியாக இருப்பது அவருக்கு நான்கு காதம். ஆகவே தண்ணீர்ச் சொம்பு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. மாற்றுடைகள் பீரோவிலிருந்து திறந்த அலமாரிக்கு வந்தன. குளியலறையில் உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலி. தலைமாட்டில் விளக்கின் சுவிட்ச். ஆனால் காலைத் தேநீரை மட்டும் கட்டிலுக்குக் கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்தோம். ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி, அருகில் ஒரு சிறு மேசை. தேநீர் அங்கே காத்திருக்கும். கட்டிலிலிருந்து இரண்டே அடி. பல நாட்கள் அது ஆறிப்போனது. யாரும் ஒன்றும் சொல்லாமல் எடுத்துப்போய்ப் புதிதாகப் போட்டு வைத்தோம்.

சுவருக்கு உற்சாகமான மஞ்சள் அடிக்கலாம், தன்னம்பிக்கை வாசகங்களை மாட்டலாம் என்று நண்பர்கள் அன்போடு சொன்னார்கள். மறுத்துவிட்டோம். சிரி என்று கட்டளையிடும் சுவர், சிரிக்க முடியாதவரை நாள் முழுதும் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கும். அறை அவரிடம் எதையும் கேட்கக்கூடாது.

கடினமாக இருந்தது கதவுதான். உள்தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும்படி மாற்றுமாறும், மாத்திரைகளை எங்கள் பொறுப்பில் வைக்குமாறும் மருத்துவர் அறிவுறுத்தினார். தச்சர் வந்து போன அன்று மாலை அக்கா வெகு நேரம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது வீடா, வார்டா?" என்று கேட்டார். அந்த வாரத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

காப்பதற்கும் பூட்டுவதற்கும் இடையே உள்ள கோடு மெல்லியது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியின் கொட்டகையொன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதைத் தமிழர்கள் மறந்திருக்க முடியாது. அவர்களைப் பிணைத்தவர்களும் அதைப் பாதுகாப்பு என்றே சொல்லியிருப்பார்கள். தாழ்ப்பாளை நாங்கள் பழையபடி மாற்றவில்லை. மாற்றும் துணிவு இல்லை. மாறாக, வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒரு விதி செய்தோம்: கதவைத் தட்டி, பதிலுக்குக் காத்திருந்து, பெயர் சொல்லி அழைத்த பின்பே உள்ளே செல்வது. விதியை அக்காவிடமும் சொன்னோம். அவர் தலையசைத்தார்.

அறை குணப்படுத்தியது என்று நாங்கள் சொல்லமாட்டோம். குணப்படுத்தியவை மருந்தும், வாரந்தோறும் அவருடன் பேசிய ஆலோசகரின் பொறுமையும், காலமும். அறை செய்தது ஒன்றே: எழுந்திருக்க அவர் எண்ணிய அரிய கணங்களில் குறுக்கே நிற்காமல் விலகியிருந்தது. தன் வலிமை முழுவதையும் உயிரோடிருப்பதற்கே செலவிடும் ஒருவருக்கு ஓர் அறை செய்யக்கூடிய மரியாதை அதுவென்றே தோன்றுகிறது.

பத்து மாதங்களுக்குப் பிறகு ஒருநாள், அக்கா அந்தப் பிரம்பு நாற்காலியைத் தாமே இழுத்துவந்து கூடத்தில் புத்தக அலமாரிக்கு எதிரே போட்டுக்கொண்டார். சமையலறைக்குப் போகும் வழியை அது மறைக்கிறது. நாங்கள் சுற்றிக்கொண்டு நடக்கிறோம்.