விரலளவுச் சுவர்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். கிடைத்த சுவரே விரலளவுதான் என்றால் என்ன செய்வது? சென்ற கோடை விடுமுறையில் எனக்கு நேர்ந்த சங்கடம் அதுதான்.

என் நண்பன் ஒருவன் ஈராண்டு உழைத்து, கணினி விளையாட்டு ஒன்றைத் தனியாகவே உருவாக்கியிருந்தான். பெயர் 'ராஜகிரி'. ஒரு சிறுவன் புதிர்களை அவிழ்த்து, செஞ்சிக் கோட்டையின் வாயில்களைத் திறந்தபடி உச்சிக்கு ஏறுகிறான், அவ்வளவே கதை. அதை 'ஸ்டீம்' என்னும் இணையக் கடையில் வைக்க 100 டாலர் கட்டவேண்டும். பகுதிநேர வேலை பார்த்து அப்பணத்தைச் சேர்த்தவன், முகப்புப் படம் வரையும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தான். ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் வரிசையாய் நிற்கும் அக்கடையில், வாங்க வருபவர் முதலில் காண்பது அந்தப் படத்தைத்தான். அது கண்ணை ஈர்க்காவிட்டால் அவனுடைய ஈராண்டு உழைப்பை எவரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார். விருது, மதிப்பெண், தள்ளுபடி என்று எதையும் படத்தில் எழுதக்கூடாது என 2022 செப்டம்பர் முதல் அக்கடையில் விதி உண்டு. படமும் பெயரும் மட்டுமே பேசவேண்டும்.

மூன்று மலைகள், கல்யாண மகால், களஞ்சியம், நடுவே குதிரைமேல் வாளோங்கிய தேசிங்கு ராஜன் என்று ஒன்றுவிடாமல் வரைந்தேன். பெரிய திரையில் பார்க்கப் பெருமையாக இருந்தது. ஆனால் கடை கேட்கும் சிறிய படம் 462க்கு 174 பிக்சல். பட்டியலில் அது இன்னும் சுருங்கும். கைப்பேசியில் சுருக்கிப் பார்த்தேன். மலையும் மகாலும் ஒரே சேறு. தேசிங்கு ராஜன் ஒரு புள்ளி!

வல்லத்தில் இருக்கும் என் மாமா, திண்டிவனம்–செஞ்சிச் சாலையோரம் சுவர் விளம்பரம் எழுதிப் பிழைத்தவர். பிளெக்ஸ் பலகைகள் வந்தபின் தூரிகைகளைப் பரணில் போட்டுவிட்டார். அவரிடம் படத்தைக் காட்டினேன். கைப்பேசியைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார்.

"பஸ்ஸுல போறவன் நின்னு பார்க்கமாட்டான் மாப்ளே. தலையைத் திருப்புறதுக்குள்ள அவனுக்குப் புரிஞ்சிடணும். இதுல எதைப் பார்க்கச் சொல்ற?"

என்னிடம் விடையில்லை. அடுத்து அவர் கேட்டதுதான் என்னைத் தைத்தது.

"இந்தக் குதிரை ஆட்டத்துல எங்க வருது?"

"வராது மாமா. பார்க்க எடுப்பா இருக்கட்டும்னுதான்..."

"கடையில இல்லாத சரக்கைச் சுவத்துல எழுதினா, வந்தவன் ஏசிட்டுல்ல போவான்?"

உண்மைதான். வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், ஸ்டீமில் பணத்தைத் திரும்பப் பெறலாம். போரை எதிர்பார்த்து வந்தவன் புதிரைக் கண்டதும் திருப்பிவிடுவான். அமைதியான புதிரைத் தேடுபவனோ வாளைக் கண்டு விலகிப் போயிருப்பான். என் படம் இருவரையும் ஏமாற்றியிருக்கும்.

டொரண்டோவின் 'விசை கேம்ஸ்' 2023இல் வெளியிட்ட 'வெண்பா' என்ற விளையாட்டை அப்போது நினைத்துக்கொண்டேன். கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் சமையல்தான் அதன் கதை. வாளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. அது 2024இல் பிரிட்டனின் 'பாஃப்டா' அமைப்பிடம் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருது பெற்றது. நம் கதையை நம் கதையாகவே சொன்னாலும் உலகம் கேட்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எல்லாவற்றையும் அழித்தேன். ராஜகிரி உச்சிக்குச் சற்றுமுன் பாறை பிளந்து, மரப்பாலத்தால் இணைக்கப்பட்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. பாலத்தை நீக்கி அந்தப் பிளவை மட்டும் கருமையாக வரைந்தேன். விளிம்பில் ஒரு சிறுவன். பின்னால் செவ்வானம். எப்படித் தாண்டுவான் என்பதே கேள்வி; ஆட்டமும் அதுதானே!

மிகச் சிறிய படத்தில் சிறுவனுக்கும் இடமில்லை. பெயர்தான் அதை நிறைக்கவேண்டும். கணினி எழுத்தில் 'கி', 'ரி' ஆகியவற்றின் மேல்வளைவுகள் சுருங்கும்போது அடைத்துக்கொண்டன. மாமா ஒன்றும் பேசாமல் பரணில் ஏறினார். வளைவுகளை அகலத் திறந்து, தடித்த தூரிகையால் 'ராஜகிரி' என்று தாளில் எழுதிக் கொடுத்தார். அதைப் படமெடுத்து அப்படியே வைத்தோம். விரலளவிலும் பளிச்சென்று தெரிந்தது.

விளையாட்டு விற்குமா என்பது இனிமேல்தான் தெரியும். கவர்ச்சி என்பது கூட்டிச் சேர்ப்பதில் இல்லை, உள்ளதில் ஒன்றை உரக்கச் சொல்வதில் இருக்கிறது என்பதை நான் கற்றுக்கொண்டேன். மாமா தூரிகைகளை இன்னும் பரணில் ஏற்றவில்லை.